இஸ்ரேல் தேர்தல் முடிவை நாமே கணக்குப் போட்டுப் படிப்பது எப்படி?

இஸ்ரேலில் ஓட்டுப்பதிவு இரவு 10 மணிக்கு முடியும். முடிந்த கையோடு 11, 12, 13 என மூன்று சேனல்களும் கருத்துக்கணிப்பைப் போட்டுவிடும். அதை நம்பி எழுதிய தலைப்புச் செய்திகள் விடிவதற்குள் பழசானது பல முறை நடந்திருக்கிறது. 1996-ல் கணிப்புகள் தொழிலாளர் கட்சியின் பெரஸ் பக்கம் சாய்ந்தன, வென்றவர் லிகுட் கட்சியின் நெதன்யாகு. 2019 ஏப்ரலில் நெதன்யாகுவை எதிர்த்து நின்ற காண்ட்ஸ் அன்றிரவே வெற்றி உரை ஆற்றினார். எண்ணி முடித்தபோது அவர் பட்டியலுக்கு 35 இடம், லிகுடுக்கும் 35, ஆட்சியமைக்கும் வாய்ப்பு போனதோ நெதன்யாகுவுக்கு. ஒரு கால்குலேட்டரும் அரைமணி நேரமும் இருந்தால் இந்தக் குழப்பம் இல்லாமல் நாமே முடிவைப் படித்துவிடலாம். 2022 நவம்பர் 1 தேர்தலை வைத்தே முழுக் கணக்கையும் போடுவோம்.

முதலில் அடிப்படை. நாடாளுமன்றமான நெசெட்டில் 120 இடங்கள். நாடு முழுக்க ஒரே தொகுதி. வாக்காளர் ஆளுக்கு ஓட்டுப் போடுவதில்லை, பட்டியலுக்குப் போடுகிறார். பட்டியலில் யார் முதலில், யார் பத்தாவது என்பதைக் கட்சி முன்பே முடிவு செய்துவிடும். வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் ஒரு தட்டு. அதில் பட்டியலுக்கு ஒரு கட்டாகத் துண்டுச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் அந்தப் பட்டியலுக்கு ஒதுக்கிய எபிரேய எழுத்துகள். லிகுடுக்கு மெம், ஹெத், லமெத். ஒரு சீட்டை எடுத்து நீல உறையில் போட்டுப் பெட்டியில் இட்டால் முடிந்தது. ஆகவே தொகுதிவாரியாக 'முன்னிலை' பார்க்கும் பழக்கத்தை இங்கே மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். எந்த ஊரில் யார் முந்துகிறார் என்பதற்கு இங்கே மதிப்பே இல்லை, மொத்தக் கூட்டுத்தொகைதான் எல்லாம்.

கணக்குக்கு மூன்று தகவல்கள் வேண்டும்: செல்லுபடியான ஓட்டுகளின் மொத்தம், ஒவ்வொரு பட்டியலும் பெற்ற ஓட்டு, எந்தெந்தப் பட்டியல்கள் உபரி ஓட்டு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன என்பது. மூன்றையும் மத்தியத் தேர்தல் குழு வெளியிடும். சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இரண்டு தசம இடங்களில் சுருக்கிய எண்ணில் கடைசி இடம் தப்பாகப் போய்விடும். ஓட்டுகளின் முழு எண்ணிக்கை வேண்டும்.

எப்போது உட்காருவது என்பதும் முக்கியம். மறுநாள் காலை 90 சதவீதம் எண்ணியாகிவிட்டது என்று செய்தி வரும். மீதியுள்ளதில் பெரும்பகுதி 'இரட்டை உறை' ஓட்டுகள்: ராணுவத்தினர், மருத்துவமனையில் இருப்பவர்கள், கைதிகள், வெளிநாட்டுத் தூதரக ஊழியர்கள் என்று தங்கள் பெயர் உள்ள சாவடியில் ஓட்டுப் போட முடியாதவர்களுடையவை. நீல உறையை இன்னோர் உறைக்குள் வைத்து, வெளி உறையில் வாக்காளர் விவரம் எழுதியிருக்கும். அதே ஆள் சொந்தச் சாவடியிலும் ஓட்டுப் போட்டாரா என்று பட்டியலோடு ஒத்துப்பார்த்த பிறகே உள்ளுறையைப் பிரிப்பார்கள். இந்த வேலை ஜெருசலேமில் நெசெட் கட்டடத்தில் நடக்கும், ஓரிரு நாள் பிடிக்கும். சில லட்சம் ஓட்டுகள் இவை. பொதுவாக இவற்றால் ஹரேதி எனப்படும் தீவிர மரபுவழி யூதர்களின் கட்சிகளின் பங்கும் அரபுப் பட்டியல்களின் பங்கும் கொஞ்சம் இறங்கும். நெசெட்டுக்குள் நுழையத் தேவையான குறைந்தபட்ச ஓட்டு வரம்பில் ஊசலாடும் பட்டியல் ஒன்று இருந்தால், இரட்டை உறை எண்ணி முடியும்வரை எந்த முடிவையும் எழுதாமல் இருப்பதே மேல்.

வரம்பு

மொத்தச் செல்லுபடி ஓட்டில் 3.25 சதவீதம் எடுக்காத பட்டியலுக்கு ஓர் இடம்கூடக் கிடையாது. 2022-ல் செல்லுபடியானவை 47,64,742. அதில் 3.25 சதவீதம் 1,54,854.1, ஆக 1,54,855 ஓட்டு வாங்கினால் உள்ளே. இடதுசாரிக் கட்சியான மெரெட்ஸ் வாங்கியது 1,50,793. சுமார் 4 ஆயிரம் ஓட்டில் கட்சி நெசெட்டுக்கு வெளியே நின்றது. அரபுக் கட்சியான பலாட் 1,38,617 வாங்கி வெளியே நின்றது. வரம்பைத் தாண்டியிருந்தால் மெரெட்ஸுக்கு 4 இடம் வந்திருக்கும். இங்கே 3 அல்லது 2 என்று ஒன்று கிடையாது. ஏறக்குறைய நான்கு அல்லது பூஜ்யம்.

சாவடியில் தவறிய செல்லாத ஓட்டுகளைச் சேர்த்து வரம்பைக் கணக்கிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. சேர்க்கக் கூடாது. வரம்புக்குக் கீழே விழுந்தவர்களின் ஓட்டை வரம்பு கணக்கிடும்போது சேர்க்க வேண்டும், இடம் பங்கிடும்போது கழித்துவிட வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் அடுத்த படி மொத்தமும் கோணலாகிவிடும்.

இடங்களைப் பங்கிடுதல்

வரம்பைத் தாண்டிய பத்துப் பட்டியல்கள்:

லிகுட் 11,15,336
யேஷ் அதிட் 8,47,435
மத சியோனிசம் 5,16,470
தேசிய ஒற்றுமை 4,32,482
ஷாஸ் 3,92,964
ஐக்கிய தோரா யூதம் 2,80,194
இஸ்ரேல் பெய்த்தேனு 2,13,687
ராஅம் 1,94,047
ஹடாஷ்–தஆல் 1,78,735
தொழிலாளர் கட்சி 1,75,992

கூட்டினால் 43,47,342. இதை 120-ஆல் வகுத்தால் 36,227 வரும். ஓர் இடத்தின் விலை இது. ஒவ்வொரு பட்டியலின் ஓட்டையும் இந்த எண்ணால் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; தசமத்தை எறிந்துவிடுங்கள். மேலே உள்ள வரிசையிலேயே 30, 23, 14, 11, 10, 7, 5, 5, 4, 4. மொத்தம் 113. இன்னும் 7 இடம் பாக்கி.

இந்த ஏழில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். 'யாருக்குத் தசமம் பெரிதோ அவருக்கு' என்று கொடுக்கத் தோன்றும். 1951 முதல் 1969 வரையிலான தேர்தல்களில் முறை அதுதான். 1973-லிருந்து பேடர்–ஓஃபர் முறை வந்துவிட்டது. பேடர், லிகுடின் முன்னோடியான கஹல் அணிக்காரர்; ஓஃபர், அப்போது ஆண்ட தொழிலாளர் அணிக்காரர். இரண்டு பெரிய கட்சிகளும் கைகோத்துக் கொண்டுவந்த சட்டம். அது யாருக்குச் சாதகம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முறை இது: பட்டியலின் ஓட்டை, அதற்கு ஏற்கெனவே கிடைத்த இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும். விடை யாருக்குப் பெரிதோ அவருக்கு அடுத்த இடம். அவருக்கு இடம் கூடியதால் அவருடைய வகுஎண்ணும் ஒன்று கூடும். மறுபடி ஒப்பிட வேண்டும். பாக்கி தீரும்வரை இதையே செய்ய வேண்டும்.

அதற்கு முன் உபரி ஒப்பந்தங்களைச் சேருங்கள். தேர்தலுக்கு முன்பே இரண்டு பட்டியல்கள், மூன்று அல்ல, இரண்டே இரண்டு, தங்கள் மிச்ச ஓட்டைக் கணக்கில் ஒன்றாக வைக்கச் சொல்லலாம். ஜோடியில் ஒருவர் வரம்புக்குக் கீழே விழுந்தால் ஒப்பந்தம் ரத்து. 2022-ல் நமக்கு வேண்டியவை மூன்று: லிகுட்–மத சியோனிசம், ஷாஸ்–ஐக்கிய தோரா யூதம், யேஷ் அதிட்–தொழிலாளர் கட்சி. மற்றவர்களைத் தனித்தனியாக வைத்தாலும் ஜோடி சேர்த்தாலும் அந்தத் தேர்தலில் விடை மாறாது.

லிகுட் ஜோடிக்கு 16,31,806 ஓட்டு, கையில் 44 இடம். 45-ஆல் வகுத்தால் 36,262. ஷாஸ் ஜோடிக்கு 6,73,158, கையில் 17; 18-ஆல் வகுத்தால் 37,398. யேஷ் அதிட் ஜோடிக்கு 10,23,427, கையில் 27. 28-ஆல் வகுத்தால் 36,551. தனியாக நிற்பவர்களில் தேசிய ஒற்றுமைக்கு 36,040, ஹடாஷ்–தஆலுக்கு 35,747, இஸ்ரேல் பெய்த்தேனுவுக்கு 35,614, ராஅமுக்கு 32,341.

ஷாஸ் ஜோடி, யேஷ் அதிட் ஜோடி, லிகுட் ஜோடி, தேசிய ஒற்றுமை, ஹடாஷ்–தஆல், இஸ்ரேல் பெய்த்தேனு என ஆறு இடங்கள் போய்விட்டன. ஏழாவதுக்கு லிகுட் ஜோடி 46-ஆல் வகுத்து 35,474-உடன் வருகிறது; ஷாஸ் ஜோடி 19-ஆல் வகுத்து 35,429. லிகுட் ஜோடிக்கே கிடைத்தது. இரண்டும் நெதன்யாகு அணி என்பதால் ஆட்சிக் கணக்கில் இதனால் லாபமோ நஷ்டமோ இல்லை.

இனி ஜோடிக்குள் பங்கு. லிகுட் ஜோடிக்குக் கூடுதலாக வந்த இரண்டையும் அதே வகுத்தல் முறையில் பிரித்தால் இரண்டுமே லிகுடுக்குத்தான் போகின்றன: லிகுட் 32, மத சியோனிசம் 14. ஷாஸ் ஜோடியில் ஷாஸுக்கு ஒன்று. யேஷ் அதிட் ஜோடியில் ஓர் இடம்தான் இருக்கிறது. யேஷ் அதிட் 8,47,435-ஐ 24-ஆல் வகுத்தால் 35,310. தொழிலாளர் கட்சி 1,75,992-ஐ 5-ஆல் வகுத்தால் 35,198. இடம் யேஷ் அதிட்டுக்கு. தசமப்படி பார்த்தால் தொழிலாளர் கட்சிக்கு 0.86, யேஷ் அதிட்டுக்கு 0.39தான். இருந்தும் பெரியவர் கையில் போனது. தொழிலாளர் கட்சிக்கு இன்னும் 557 ஓட்டு விழுந்திருந்தால் அந்த இடம் அவர்களுக்கு வந்திருக்கும்.

ஒப்பந்தமே யாரும் போடாமல் இருந்திருந்தால்? அதே எண்களை வைத்துத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்: லிகுடுக்கு 31, தொழிலாளர் கட்சிக்கு 5. நெதன்யாகு அணிக்கு 64-க்குப் பதில் 63. உபரி ஒப்பந்தத்தைச் செய்திகளில் ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள்; அது ஓர் இடத்தையே நகர்த்துகிறது.

கடைசி விடை: 32, 24, 14, 12, 11, 7, 6, 5, 5, 4. கூட்டி 120 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அணிகளைக் கூட்டுதல்

பட்டியல் வேறு, கட்சி வேறு. மத சியோனிசம் என்ற பட்டியலின் 14 பேரும் தேர்தல் முடிந்ததும் மூன்றாகப் பிரிந்தார்கள்: ஸ்மோட்ரிச்சின் கட்சிக்கு 7, பென் க்விரின் ஓட்ஸ்மா யெஹுதித்துக்கு 6, நோவாமுக்கு 1. பேரம் பேசும்போது மூன்றும் தனித்தனியாகத்தான் வந்து உட்காரும்.

நெதன்யாகு அணி 32+14+11+7 = 64. ஓட்டாகப் பார்த்தால் 23,04,964, செல்லுபடியானதில் 48.4 சதவீதம். எதிர்ப்பக்கம் உள்ளே வந்தவர்களின் 20,42,378 ஓட்டோடு மெரெட்ஸையும் பலாட்டையும் சேர்த்தால் 23,31,788 வருகிறது. அதாவது எதிர்த்தரப்புக்குக் கிட்டத்தட்ட 27 ஆயிரம் ஓட்டு அதிகம். இடத்தில் 64-க்கு 56. 'மக்கள் பெருவாரியாக வலதுசாரிக்குத் திரும்பிவிட்டார்கள்' என்று எழுதியவர்கள் வரம்பைப் பார்க்காமல் எழுதினார்கள். தோல்வியின் காரணத்தைத் தேடினால் பட்டியல் தாக்கல் முடிந்த செப்டம்பர் 15-க்குப் போக வேண்டும்: அன்று பலாட் கூட்டுப் பட்டியலிலிருந்து பிரிந்து தனியே தாக்கல் செய்தது. மெரெட்ஸோடு சேர்ந்து ஒரே பட்டியல் போடத் தொழிலாளர் கட்சித் தலைவர் மெராவ் மிக்காயெலி அதற்கு முன்பே மறுத்திருந்தார்.

இதே மாதிரி ஒரு வரம்பு விபத்துதான் பாலஸ்தீனர்களுடனான ஓஸ்லோ ஒப்பந்தத்துக்கும் வழி திறந்தது. 1992-ல் வரம்பு 1-லிருந்து 1.5 சதவீதமாக ஏறியிருந்தது. முந்தைய நெசெட்டில் 3 இடம் வைத்திருந்த தெஹியா என்ற தீவிர வலதுசாரிக் கட்சி 1.2 சதவீதத்தோடு வெளியே போனது. தொழிலாளர் கட்சி 44, மெரெட்ஸ் 12, ஹடாஷ் 3, அரபு ஜனநாயகக் கட்சி 2: சரியாக 61. அரபுக் கட்சிகள் அமைச்சரவையில் இல்லை. ஆனால் அவர்கள் வெளியிலிருந்து தடுத்து நின்றதால் அதுவரை பிரதமராக இருந்த லிகுடின் ஷமீரால் ஆட்சியமைக்க முடியாமல் போனது, 6 இடம் வைத்திருந்த ஷாஸ் தொழிலாளர் கட்சித் தலைவர் ரபினோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஓஸ்லோ ஒப்பந்தம். 1995 அக்டோபரில் இரண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தம் நெசெட்டில் 61-க்கு 59 என்று தேறியது. கூட்டணிக்கு வெளியே இருந்து தடுப்பவர்களையும் எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஜனாதிபதியும் கடிகாரமும்

இதுவரை எந்தத் தேர்தலிலும் ஒரே பட்டியல் 61 எடுத்ததில்லை. அதிகபட்சம் 1969-ல் தொழிலாளர் அணி எடுத்த 56. ஆகவே அதிகாரபூர்வ முடிவு வந்ததும் ஒவ்வொரு பட்டியலின் தூதுக்குழுவும் ஜனாதிபதி மாளிகைக்குப் போய் யாரைப் பரிந்துரைக்கிறோம் என்று சொல்லும். முடிவு வெளியான 7 நாளுக்குள் ஜனாதிபதி ஓர் உறுப்பினரிடம் பொறுப்பை ஒப்படைப்பார். பெரிய கட்சிக்குத்தான் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2009-ல் கடிமா கட்சிக்கு 28, லிகுடுக்கு 27. பொறுப்பு நெதன்யாகுவுக்குப் போனது, காரணம் கூட்டணி அவரிடம் இருந்தது.

பொறுப்பு கிடைத்தவருக்கு 28 நாள். ஜனாதிபதி விரும்பினால் இன்னும் 14 நாள் வரை நீட்டலாம். 2022-ல் ஜனாதிபதி ஹெர்சாக் நவம்பர் 13 அன்று ஒப்படைத்தார். நீட்டித்தது 10 நாள் மட்டுமே. டிசம்பர் 21 நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்புதான் நெதன்யாகு 'முடிந்தது' என்று தெரிவித்தார். 29-ம் தேதி பதவியேற்பு, 63-க்கு 54.

முதல் ஆள் தோற்றால் ஜனாதிபதி இன்னொருவருக்கு 28 நாள் தரலாம்; இதற்கு நீட்டிப்பு இல்லை. அவரும் தோற்றால் நெசெட்டுக்கே 21 நாள்: 61 உறுப்பினர்கள் கையெழுத்திட்டு ஒருவர் பெயரைக் கொடுத்தால் அவருக்கு 14 நாள் கிடைக்கும். அதுவும் ஆகாவிட்டால் நெசெட் கலைந்து மறுதேர்தல். நாள்காட்டியில் இந்தத் தேதிகளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டணி பேரங்கள் கடைசி மணி நேரத்துக்கு முன்னால் முடிந்ததே அபூர்வம். 2021 ஜூன் 2 அன்று யேஷ் அதிட் தலைவர் லபிட்டும் நள்ளிரவை நெருங்கித்தான் அப்போதைய ஜனாதிபதி ரிவ்லினுக்குத் தகவல் சொன்னார்.

பரிந்துரை எண்ணிக்கையை ஆட்சியாக எடுத்துக்கொள்வதுதான் இந்தக் கட்டத்தில் பெரிய தவறு. 2019 ஏப்ரல் தேர்தலுக்குப் பிறகு நெதன்யாகுவுக்கு 65 பேரின் பரிந்துரை இருந்தது. ஹரேதி மாணவர்களை ராணுவத்தில் சேர்க்கும் சட்டத்தில் இஸ்ரேல் பெய்த்தேனு தலைவர் லிபர்மேன் பிடிவாதமாக நிற்க, அரசு அமையவில்லை. பொறுப்பு ரிவ்லினிடம் திரும்பி காண்ட்ஸுக்குப் போய்விடக் கூடாது என்று லிகுடே முன்னின்று மே மாதக் கடைசியில் 74-க்கு 45 என்று நெசெட்டைக் கலைத்தது. கடிகாரம் முடிவதற்கு முன் கலைத்துவிடும் இந்த வழி சட்டத்தில் இருக்கிறது. கணக்குப் போடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கையெழுத்திட்ட ஒப்பந்தம்கூட உறுதி இல்லை. 1990 மார்ச்சில் ஷமீர் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 60-க்கு 55 என்று விழுந்தது. இஸ்ரேல் வரலாற்றில் அப்படி விழுந்த ஒரே அரசு. பெரஸ் கூட்டணி சேர்த்துவிட்டதாக நம்பி ஏப்ரல் 11 அன்று பதவியேற்க நெசெட்டுக்கு வந்தார். அகுதாத் இஸ்ரேல் கட்சியின் இரண்டு உறுப்பினர்கள் அன்று பின்வாங்கினார்கள். ஜூனில் மறுபடி ஷமீரே பிரதமர்.

பதவியேற்புக்கு 61 வேண்டும் என்பதும் தவறு. வந்து ஓட்டளிப்பவர்களில் பெரும்பான்மை போதும். 2021 ஜூன் 13 அன்று பென்னட்–லபிட் அரசு 60-க்கு 59 என்று வந்தது. ராஅமின் ஓர் உறுப்பினர் யாருக்கும் போடவில்லை. 61 கட்டாயமாகத் தேவைப்படும் இடங்கள் வேறு: நெசெட்டைக் கலைக்கும் சட்டம், நம்பிக்கையில்லாத் தீர்மானம். 2014 திருத்தத்துக்குப் பிறகு அரசைக் கவிழ்க்கிறவர்கள் மாற்று அரசையும் அதே ஓட்டில் முன்வைக்க வேண்டும். அதனால்தான் பெரும்பான்மை இழந்த அரசுகள்கூட மாதக்கணக்கில் நீடிக்கின்றன.

பழைய தேர்தல்களைப் படிக்கும்போது

வரம்பு ஆண்டுக்கு ஆண்டு வேறு: 1988 வரை 1 சதவீதம், 1992 முதல் 1.5, 2006 முதல் 2, 2015 முதல் 3.25. இன்றைய வரம்பை அன்றைய எண்களில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. வரம்பு மாறினால் கட்சிகளும் நடத்தையை மாற்றும். 3.25 வந்ததும் அரபுக் கட்சிகள் ஒரே பட்டியலாகச் சேர்ந்து 2015-ல் 13 இடம் பிடித்தன. வரம்பை உயர்த்த முன்னின்றவர் லிபர்மேன். அவர் எதிர்பார்த்தது இதை அல்ல.

1996, 1999 இரண்டிலும் வாக்காளருக்கு இரண்டு சீட்டு: ஒன்று பிரதமருக்கு, ஒன்று பட்டியலுக்கு. 2001-ல் பிரதமர் தேர்தல் மட்டும் தனியாக நடந்தது. இந்த மூன்றையும் மேலே சொன்ன முறையில் படிக்கக் கூடாது. 1996-ல் நெதன்யாகு 30 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் நேரடியாக வென்றார். ஆனால் நெசெட்டில் தொழிலாளர் கட்சிக்கு 34, லிகுட் பட்டியலுக்கு 32. பிரதமரை ஒரு சீட்டிலும் தங்கள் சாதி சனக் கட்சியை மறு சீட்டிலும் போட முடிந்ததால் பெரிய கட்சிகள் தேய்ந்தன. 1999-ல் முதலிடம் வந்த பட்டியலே 26-தான் எடுத்தது. 2001-ல் அந்த ஏற்பாட்டை ரத்து செய்துவிட்டார்கள்.

அரசு அமைந்த பிறகும் பார்க்க வேண்டிய தேதி ஒன்று உண்டு: மார்ச் 31. அதற்குள் அந்த ஆண்டின் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் நெசெட் தானாகக் கலையும். கூட்டணி உடைகிறதா என்று அறிய அமைச்சர்களின் பேட்டிகளை விட நிதிக்குழுவின் நிகழ்ச்சி நிரலைப் பார்ப்பது பயன்படும். 2020-ல் நெதன்யாகு–காண்ட்ஸ் கூட்டணிக்கு இந்தக் கெடுவை டிசம்பர் வரை நீட்டிக் கொடுத்தார்கள். பட்ஜெட் வரவில்லை, டிசம்பர் 22 நள்ளிரவு கடந்ததும் நெசெட் கலைந்தது, தேர்தல் 2021 மார்ச் 23-க்குக் குறிக்கப்பட்டது.